தொட்டிலில் உட்கார்ந்தவள்

பெரியோஸவ்கா
1984 டிசம்பர் 2

ராயா மகாராணிக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். ஐந்தாவது மாடி, குழாயைத் திருகினால் வெந்நீர், மடியில் பேரன். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன குறை? அவனுக்கு என் மூக்கு வந்திருந்தால் மன்னித்துவிடு. நம் பெண் லூசாவுக்கும் இதே மூக்குதான். அவளுக்கே மாப்பிள்ளை கிடைத்தானே.

ஆறு உறைந்துவிட்டது. பண்ணை ஆட்கள் ஊசியிலைக் கிளைகளை வரிசையாக நட்டு, பனிக்கட்டி மேல் பாதை போட்டுவிட்டார்கள். நேற்று முதல் அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். நாலாம் வகுப்போடு ஓடிப்போனவன் நான். இன்றைக்கு நான் போய்க் கொதிகலனில் கரி அள்ளிப் போடாவிட்டால் பள்ளிக்கூடமே ஓடாது. தலைமை ஆசிரியை கொதிகலன் அறைக்கு வந்து, "வேன்யா, பிள்ளைங்க கையுறையோட எழுதுதுங்க, கொஞ்சம் சூடு ஏத்துப்பா" என்கிறாள். "அப்ப என் நாலாம் வகுப்பு மார்க்கையும் கொஞ்சம் ஏத்துங்க" என்றேன். சிரிக்கிறாள். நீ பள்ளிச் சமையலறையில் இல்லாததால் சூப்பில் உப்பே இல்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு உப்பு இருந்தும் ருசி இல்லை.

காலையில் மோட்டார் சைக்கிளின் எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே தணல் வைத்து வண்டியை எழுப்பினேன். முதல் உதைக்கு இருமியது. அடுத்த உதைக்குத் திட்டியது. அப்புறம் சமாதானமாகிவிட்டது. ஆற்றின் நடுவில் போனதும் கீழேயும் வெள்ளை, மேலேயும் வெள்ளை. கிளைகள் ஒவ்வொன்றாக அந்த வெள்ளைக்குள்ளிருந்து வருகின்றன, என்னைப் பார்க்கின்றன, மறுபடி வெள்ளைக்குள் போகின்றன. நான் ஓட்டுகிறேனா, இல்லை வண்டி சும்மா நிற்க ஆறுதான் என்னைக் கடந்து போகிறதா, தெரியவில்லை. வழக்கம்போல வலப்பக்கம் திரும்பி, "கழுத்தை மூடிக்கோடி" என்றேன். மூன்றாவது சக்கரத்தின் மேல், நீ உட்காரும் நம் பக்கவாட்டுத் தொட்டில் காலியாக ஓடி வந்துகொண்டிருந்தது.

ஒரு விஷயம். புறப்படுகிறவரும் அனுப்புகிறவரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். நீ கோபத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே போய்விட்டாய். உட்காராமல் போன பயணம் பயணத்தில் சேராது. அதனால் நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாய். மேசையில் உனக்கும் ஒரு கோப்பை வைக்கிறேன். உன் தேநீரையும் நானே குடிப்பதால் வயிறுதான் பெருக்கிறது.

உன் வேன்யா

*

ஸ்வெர்த்லோவ்ஸ்க்
டிசம்பர் 11

வேன்யா,

பேரன் நலம். மூக்கு உன்னுடையதேதான்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வந்தேன். நீ ஆற்றைப் பற்றி எழுதியிருக்கிறாய், சூப்பைப் பற்றி எழுதியிருக்கிறாய். கேள்விக்குப் பதில் மட்டும் இல்லை. மறுபடி கேட்கிறேன். பனி உருகியதும் வீட்டையும் வண்டியையும் விற்றுவிட்டு இங்கே வருகிறாயா, இல்லையா? லூசாவின் வீட்டுக்காரர் அவருடைய தொழிற்சாலையில் உனக்குக் கொதிகலன் வேலையே பேசி வைத்திருக்கிறார்.

போன குளிரில் கிணற்றடிப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தேனே, அந்த முதுகு இன்னும் வலிக்கிறது. வாளி தூக்கித் தூக்கி நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறேன் என்று லூசா சொல்கிறாள். இதை உன்னிடம் சொன்னபோது என்ன சொன்னாய்? "அஞ்சாவது மாடிக்கு வண்டி ஏறாதுடி, அதுக்கும் மூட்டுவலி." நான் சிரிக்கவில்லை. நீ மட்டும் சிரித்தாய். அதற்குத்தான் உட்காராமல் கிளம்பினேன்.

சிரிக்காமல் ஒரு பதில் எழுது. ஒரு வரி போதும்.

இங்கே விடிவதற்குள் பனியை எல்லாம் கூட்டி அள்ளிவிடுகிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கறுப்புத் தார். கழுத்தை மூட வேண்டிய தேவையே இல்லை.

என் ஆட்டுத்தோல் கோட்டையும் சாம்பல் நிறச் சால்வையையும் பூச்சி அரித்துவிடப் போகிறது. வெளியே எடுத்துக் காற்றாட வை.

ராயா

*

பெரியோஸவ்கா
டிசம்பர் 21

ராயா,

பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனாவில் மை உறைந்துவிட்டது. கொதிகலன் மேல் வைத்தேன், கொதித்துவிட்டது. உன் கேள்வியும் அப்படித்தான் இருக்கிறது. கொஞ்சம் ஆறட்டும்.

அதற்குள் ஒரு சங்கடத்தைக் கேள். ஆள் இல்லாத தொட்டிலுக்குத் திமிர் வந்துவிட்டது. வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம் சேவல் சிறகைத் தூக்குவது போல எழும்புகிறது. செவ்வாய்க்கிழமை தபால் நிலைய முனையில் திரும்பினேன். தொட்டில் வானத்துக்குப் போனது, நான் பனிக்குவியலுக்குள் போனேன். கம்பளிப் பூட்ஸ் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்ததாம். நம் பக்கத்து வீட்டுக் கபிதோலினா நின்று பார்த்துவிட்டு, "என்ன வேன்யா, வசந்தத்துக்கு இப்பவே விதைச்சிட்டியா உன்னை?" என்கிறாள்.

மற்றவர்கள் எல்லாம் இலை உதிரும்போதே மணல் அள்ளி மூட்டை கட்டி, பாரத்துக்குத் தொட்டிலில் போட்டு வைத்துவிடுகிறார்கள். எனக்கு எங்கே அந்தப் பழக்கம்? இருபது குளிர்காலமாக நீ உட்கார்ந்திருந்தாய். இப்போது மணல் குழி இரும்பாகக் கிடக்கிறது. கடப்பாறை போட்டால் பொறி பறக்கிறது.

ஆனாலும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். இப்போது வண்டி சாதுவாக ஓடுகிறது. என்ன வழி என்று நீ வந்தால் காட்டுகிறேன். உன் கோட்டும் சால்வையும் தினமும் நன்றாகக் காற்றாடுகின்றன. கவலை வேண்டாம்.

வேன்யா

*

ஸ்வெர்த்லோவ்ஸ்க்
1985 ஜனவரி 6

வெனியாமின்,

முழுப் பெயரில் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். கபிதோலினாவிடமிருந்து புத்தாண்டு வாழ்த்து வந்தது. அதில் அவள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ அங்க பேரனைத் தாலாட்டிக்கிட்டு இரு ராயா. இங்க உன் புருஷன் உன் கோட்டை மாட்டி, உன் சால்வையைப் போர்த்தி ஒருத்தியைத் தொட்டில்ல வச்சுக்கிட்டு ஆத்துல போறான், வரான். வழியெல்லாம் அவகிட்ட பேசிக்கிட்டே வேற போறான். சாயங்காலம் ஆனா ரெண்டு கையாலயும் அணைச்சுத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குள்ள போறான். நான் வலியப் போய் வணக்கம் சொன்னேன். மகாராசி திரும்பிக்கூடப் பாக்கல."

இருபத்தாறு வருடம் உன்னோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தூக்கியிருக்கிறாயா?

யார் அவள்?

ராயா

*

பெரியோஸவ்கா
ஜனவரி 13

என் கோபக்காரிக்கு,

உண்மை தெரிந்துவிட்டது, இனி மறைக்க முடியாது. ஆமாம், ஒருத்தி இருக்கிறாள்.

நல்ல குணம். நான் வண்டி ஓட்டும் விதத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அய்யோ மெதுவா, அய்யோ பள்ளம்" என்று முதுகில் குத்துவதில்லை. எதிர்த்துப் பேசுவதே இல்லை. நிறம் கொஞ்சம் மட்டு, தோல் சொரசொரப்பு, இடுப்பு என்று ஒன்று இல்லை. அதற்கென்ன? உட்கார்ந்தால் வண்டி அசைவதில்லை. குளிர் மட்டும் அவளுக்கு ஆகாது. அதனால்தான் உன் கோட்டும் சால்வையும். வெளியே விட்டுவைத்தால் விடிவதற்குள் கெட்டுப்போவாள் என்று சாயங்காலம் தூக்கிக்கொண்டு போய் அடுப்போரம் வைக்கிறேன். குடும்பமும் நமக்குத் தெரிந்த குடும்பம்தான். (அடுத்த தாளைப் பார்.)

சரி, போதும். அடி அசடே, உருளைக்கிழங்கு மூட்டை! நம் நிலவறையில் கிடந்ததே, அதுதான். மணல் கிடைக்காமல் அதைத் தூக்கிப் போட்டேன். கிழங்கு உறைந்தால் கறுத்து வீணாகிவிடும் என்று போர்த்தினேன். கபிதோலினா இரண்டு தடவை வணக்கம் சொன்னாள். மூட்டை எப்படிப் பதில் சொல்லும்? நானும் சொல்லவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டேன். நீயும் இப்போது சிரித்துவிடு.

வேன்யா

*

ஸ்வெர்த்லோவ்ஸ்க்
ஜனவரி 24

உன் கடிதத்தின் முதல் தாளைப் படித்தேன். "எதிர்த்துப் பேசுவதே இல்லை" என்ற இடத்தில் கண் கலங்கி எழுத்து மறைந்தது. மீதியைப் படிக்கவில்லை. எரிக்க இங்கே அடுப்புகூட இல்லை. கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டேன். பனி மாதிரிதான் போயிற்று. காலையில் கூட்டி அள்ளியிருப்பார்கள்.

இனி எழுதாதே. அவளோடேயே இரு.

என் சால்வையை மட்டும் அனுப்பிவிடு. அது என் அம்மா பின்னியது.

ரைசா

*

(கதவருகே, கோட்டில் ஊக்கு குத்தி வைத்தது)
ஸ்வெர்த்லோவ்ஸ்க், ஐந்தாவது மாடி
பிப்ரவரி 4

ராயா,

சால்வை கேட்டாய். கொண்டு வந்திருக்கிறேன். உள்ளே இருப்பவளோடு சேர்த்து. முடிச்சை அவிழ்த்துக் கையை விட்டுப் பார். இவள்தான் அவள். இரண்டாவது தாளில் இதைத்தான் எழுதியிருந்தேன்.

எதிர் வீட்டு அம்மா சொன்னாள்: "பிள்ளைக்கு இருமல்னு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, எப்ப வருவாங்களோ தெரியாது." படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இனியும் உட்கார முடியாது. பள்ளிக் காவல்காரன் மீத்யாவிடம் கொதிகலனை விட்டுவிட்டு வந்தேன். நாளை விடிந்ததும் அவன் வேலை முடிந்து போய்விடுவான். குழாய் உறைந்து வெடித்தால் பள்ளிக்கூடம் போச்சு. அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். எதிர் வீட்டு அம்மாவே பென்சில் கொடுத்தாள். இதில் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று தேடாதே. கிடையாது.

நான் இங்கே வர மாட்டேன். வர முடியாது. கீழே வண்டியை நிறுத்திவிட்டு ஏறும்போது, ஒவ்வொரு மாடி ஜன்னல் வழியாகவும் என் தடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்று ஆழம், ஒன்று மெல்லிசு என்று இரண்டு கோடு, நம் ஊரில் பார்த்தாலே வேன்யா போயிருக்கிறான் என்பார்களே, அந்த இரண்டு கோடு. மேலே வந்து சேர்வதற்குள் ஒருத்தி அதைக் கூட்டித் தள்ளிவிட்டாள். அவள் மேல் தப்பில்லை, அவள் வேலை அது. ஆனால் எனக்கு இங்கே மூச்சு முட்டும்.

உன் முதுகு வேடிக்கை இல்லை. பள்ளியில் கழித்துப் போட்ட பம்பு ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டேன். மண் இளகியதும் கிணற்றிலிருந்து சமையலறைக்குள் குழாய் இழுப்பேன். நீ வந்தாலும் இழுப்பேன், வராவிட்டாலும் இழுப்பேன்.

வழியில் காட்டுக்குள் ஒன்று நடந்தது. காற்று இல்லை. பனி நின்ற இடத்திலேயே நிற்பது போல விழுந்துகொண்டிருந்தது. எஞ்சின் சத்தம்கூடப் பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது. நான் வழக்கம்போல மூட்டையிடம் பேசிக்கொண்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் சால்வை ஓரமெல்லாம் உறைபனி பிடித்து நரைத்திருந்தது. கிழவியாகிவிட்ட ராயா உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, குலுங்கியபடி, என்னோடு எங்கேயோ வந்துகொண்டிருந்தாள். என் மீசையும் வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். வெகு நேரம் அப்படியே ஓட்டினேன். எந்த ஊருக்குப் போகிறோம் என்பதே மறந்துவிட்டது. அப்புறம் ஒரு பள்ளம் வந்தது. நீ "அய்யோ" என்று சொல்லவில்லை. அப்போதுதான் பயம் வந்தது.

நீ அங்கேயே இருப்பதென்றால் இரு. முடிந்தபோதெல்லாம் வந்து பார்க்கிறேன். வருவதென்றால் உன் இடம் காலி.

வேன்யா

*

ஸ்வெர்த்லோவ்ஸ்க்
பிப்ரவரி 5

வேன்யா,

நேற்று இருட்டியபின் வந்தோம். கதவருகே என் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லூசா பிள்ளையைக் கீழே விட்டுவிடப் பார்த்தாள். நான் சால்வையை இழுத்தேன். ஒரு கிழங்கு உருண்டு படிக்கட்டில் இறங்கிப் போயிற்று.

எல்லாவற்றுக்கும் அப்புறம் பதில் சொல்கிறேன். முதலில் இதைச் சொல். இவளை இங்கே இறக்கிவிட்டு எதை வைத்துக்கொண்டு திரும்பிப் போனாய்? காலித் தொட்டிலோடா? தபால் நிலைய முனையில் கவிழ்ந்தவன், இத்தனை தூரமா? நீ போகிற வழியில், இர்பீத் சாலையில் பனிப்புயல் என்று வானொலியில் சொல்கிறார்கள். ஜன்னலில் நின்றால் எதிர்க் கட்டிடமே தெரியவில்லை. இன்றைக்கு இங்கேயும் யாரும் கூட்டவில்லை.

ஐம்பது வயது ஆள் செய்கிற காரியமா இது? பள்ளிக்கூடம் உறைந்தால் உறையட்டும் என்று காத்திருந்திருக்கக் கூடாதா?

உயிரோடு இருந்தால் உடனே தந்தி கொடு. திட்டுவதற்காவது நீ வேண்டும்.

ராயா

*

பெரியோஸவ்கா
பிப்ரவரி 10

ராயா,

நேற்று உன் கடிதம் வந்த உடனே தந்தி கொடுத்துவிட்டேன். "உயிரோடு. குளிர். வேன்யா." தந்தி எழுதும் பெண், "இன்னும் ஒரு வார்த்தை சேக்கலாமே மாமா" என்றாள். "அதை நேர்ல சொல்லிக்கிறேன்" என்றேன். நேரிலும் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

எதை வைத்துக்கொண்டு வந்தேன் என்று கேட்டாயே. சொல்கிறேன்.

கீழே இறங்கியதும் எனக்கும் அதே யோசனைதான். கல் கிடைக்குமா, செங்கல் கிடைக்குமா என்று சுற்றிப் பார்த்தேன். உங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, கூட்டிக் குவித்த பனி மலையாகக் கிடந்தது. துப்புரவுக்காரியிடம் மண்வெட்டியைக் கடன் கேட்டேன்.

"என்னய்யா பண்ணப் போறீங்க?"

"இந்தப் பனி உங்களுக்குக் குப்பைதானே? நான் எடுத்துக்கிறேன்."

"எங்க கொண்டு போறீங்க?"

"இர்பீத் பக்கம்."

"அங்கதான் கழுத்து வரைக்கும் கிடக்குதே!"

"இந்த ஜன்னல் பனி அங்க இல்லையேம்மா."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்புறம் அவளும் சேர்ந்து அள்ளிப் போட்டாள். நன்றாக மிதித்து இறுக்கினேன். தொட்டில் உருளைக்கிழங்கு இருந்ததைவிடச் சாதுவாக இருந்தது.

புயல் பாதி வழியில் பிடித்தது. முன்விளக்கைப் போட்டால் வெளிச்சம் பால் மாதிரி என் மேலேயே திரும்பி வழிந்தது. அணைத்துவிட்டேன். சாலையோரத் தந்திக் கம்பங்களின் முனகலைக் கேட்டுக் கேட்டுப் போனேன். கால் இரண்டும் எஞ்சின் சூட்டில் இருந்தன. மற்ற உடம்பு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தொட்டிலில் இருந்த பனி மேல் புதுப் பனி விழுந்து விழுந்து முதலில் ஒரு மடி வந்தது. அப்புறம் தோள் வந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை, காற்றுதான் செய்தது. தலை மட்டும் வரவில்லை. வந்திருந்தால் கழுத்தை மூடச் சொல்லியிருப்பேன்.

ஒரு இடத்தில் தூக்கம் வந்தது. நல்ல தூக்கம், வெதுவெதுப்பான தூக்கம். குளிரில் விறைத்துப்போகிறவனுக்குக் கடைசியாக வரும் தூக்கம் அது, உனக்கும் தெரியும். அப்போது வலப்பக்கம் வளைவு வந்தது. தொட்டில் காலியாக இருந்தால் அன்றைக்கு அங்கேயே முடிந்திருக்கும். பனி கனமாக உட்கார்ந்து வண்டியைத் தரையோடு பிடித்துக்கொண்டது. விழித்துக்கொண்டேன். இருபது குளிர்காலமாக யார் என்னைத் தரையில் பிடித்து வைத்திருந்தது என்று அந்த வளைவில்தான் புரிந்தது.

வீட்டு வாசலில் கபிதோலினா. "இவ யாரு புதுசா? தலைகூட இல்ல!" என்றாள். "பட்டணத்துக்காரி" என்றேன். கையை வீசிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பனியை உன் வெங்காயப் பாத்தியில் இறக்கி வைத்திருக்கிறேன். நம் வெள்ளைக்கு நடுவில் கொஞ்சம் சாம்பல் நிறமாக, தனியாகத் தெரிகிறது. கொதிகலன் உறையவில்லை. மீத்யா ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தானாம்.

வேன்யா

*

ஸ்வெர்த்லோவ்ஸ்க்
பிப்ரவரி 22

வேன்யா,

ரயில் எப்போது வரும் என்று தந்தியில் சொல்லிவிட்டேன். இதைத் தபாலில் போடவில்லை, கையிலேயே கொண்டு வருகிறேன். நேரில் பேசினால் நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாய். வீட்டுக்குப் போனதும் அடுப்போரம் உட்கார்ந்து படி.

உன்னவளைப் பொரித்துத் தின்றுவிட்டோம். வழியிலேயே உறைந்திருக்கிறாள். உறைந்த கிழங்கு இனிக்குமே, ஒரே இனிப்பு. லூசா துப்பிவிட்டாள். நான் ஒரு துண்டு விடாமல் தின்றேன், ஒவ்வொரு வாய்க்கும் அவளைத் திட்டிக்கொண்டே.

"வர மாட்டேன்" என்று நீ எழுதிய இடத்தைப் பல தடவை படித்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இத்தனை நாள் நான் சுவரில்லாத இடத்தில் முட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு சுவர் தெரிந்தது, சாய்ந்து உட்கார்ந்து யோசித்தேன். லூசாவுக்கு வருத்தம்தான். பேரனை விட்டுப் போக எனக்கும் மனசில்லை. ஆனால் அவனுக்கு இங்கே அம்மா அப்பா இருக்கிறார்கள். உன் வலப்பக்கம் யார் இருக்கிறார்கள்?

குழாய் வர வேண்டும். வெங்காயம் நடுவதற்குள் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த குளிர்காலம் மறுபடி லூசா வீடுதான். இதைச் சிரிக்காமல் எழுதுகிறேன், நீயும் சிரிக்காமல் படி. அந்தப் பட்டணத்துக்காரி உருகுவதற்குள் வந்து, எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறாள் என்று பார்க்கிறேன்.

நிலையத்துக்கு வரும்போது தொட்டிலில் எதையும் வைக்காதே. மெதுவாகத் திரும்பி வா. சால்வையை நான் போர்த்திக்கொண்டு வருகிறேன். எவ்வளவு அலசியும் மண் வாசனை போகவில்லை.

வாசலில் கபிதோலினா நிற்பாள். அவள் பார்க்க நீ என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். மூட்டையைவிட நான் கனம். உனக்கு மூச்சு வாங்கும், நான் சிரிப்பேன், நீ ஒன்றும் சொல்லக் கூடாது.

பெட்டி மேல் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். லூசா எதிரே நாற்காலியில். பிள்ளை அவள் மடியில் உன் மூக்கை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறான். யாரும் பேசவில்லை.

சரி. எழுந்துவிட்டேன்.

ராயா